பாரிஸை இடித்துக் கட்டிய ஹவுஸ்மான்... 250 கோடி ஃபிராங்க் பில்லைக் கட்டியது யார்?

இன்ஸ்டா ரீல்ஸில் பாரிஸைப் பார்த்திருப்பீர்கள். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கும் வெளிர்நிறக் கல் கட்டடங்கள், இரண்டாம் மாடியில் இரும்பு வேலைப்பாடு செய்த பால்கனி. இதெல்லாம் பல நூற்றாண்டு பழமையான நகரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் பெரும்பகுதி, ஒரே ஒரு அரசு அதிகாரி 17 ஆண்டுகளில் பழைய நகரத்தை இடித்துவிட்டுக் கட்டியது.

அந்த அதிகாரியின் பெயர் ஜார்ஜ் யூஜின் ஹவுஸ்மான். பிரெஞ்சுக்காரர்கள் 'ஹ'வை விட்டுவிட்டு 'ஓஸ்மான்' என்பார்கள்.

உலகம் முழுக்க நகரத் திட்டமிடல் படிப்பவர்கள் முதல் வகுப்பிலேயே கேள்விப்படும் பெயர் இது. ஆனால் அவருடைய வேலையைப் பறித்தது சாலையோ, கட்டடமோ இல்லை. கணக்கு நோட்டு!

யார் இந்த ஹவுஸ்மான்?

1809 மார்ச் 27-ம் தேதி பாரிஸில் பிறந்தவர். அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். சட்டம் படித்தார், கொஞ்ச காலம் இசையும் படித்தார். 1831-ல் அரசு வேலையில் சேர்ந்தார். அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் சின்னச் சின்ன ஊர்களில்தான் வேலை. யிசிஞ்சோ, நெராக், பிளாய் என்று பிரான்ஸ்காரர்களே வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்கள்.

1848-ல் பிரான்ஸில் மன்னராட்சி கவிழ்ந்தது. நெப்போலியனின் அண்ணன்... இல்லை, தம்பி மகன் லூயி நெப்போலியன் முதலில் அதிபரானார், 1852-ல் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசரே ஆகிவிட்டார். ஹவுஸ்மான் சரியான பக்கத்தில் நின்றார். வார், யோன், அப்புறம் போர்தோவைத் தலைநகராகக் கொண்ட ஜிரோந்த் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் பிரீஃபெக்ட் பதவி கிடைத்தது. பிரீஃபெக்ட் என்றால் நம்மூர் கலெக்டர் மாதிரி, ஆனால் அதிகாரம் இன்னும் அதிகம்.

1853-ல் பாரிஸ் அடங்கிய சேன் மாவட்டத்துக்குப் புது பிரீஃபெக்ட் தேவைப்பட்டது. ஏற்கெனவே இருந்த பெர்ஜே நிதானமான ஆள். நகரத்தின் தலையில் பெரிய கடனை ஏற்ற அவருக்கு மனசில்லை. உள்துறை அமைச்சர் பெர்சிஞ்ஞி பல மாவட்ட பிரீஃபெக்ட்டுகளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, ஹவுஸ்மானைத் தேர்ந்தெடுத்தார். நல்லவர் என்பதற்காக இல்லை. எதிர்ப்பு வந்தால் அசராமல் மோதக்கூடிய முரட்டு ஆள் என்பதற்காக.

1853 ஜூன் 29-ம் தேதி பதவியேற்பு. அன்றே பேரரசர் அவர் கையில் ஒரு பாரிஸ் வரைபடத்தைக் கொடுத்தார். புதிதாகப் போட வேண்டிய சாலைகள் அவசரத்துக்கு ஏற்ப நான்கு வண்ணங்களில் கோடு போட்டு இருந்தன.

ஏன் இடிக்க வேண்டியிருந்தது?

அன்றைய பாரிஸின் மையப்பகுதி ஒரு நெரிசல் குடோன். சூரிய வெளிச்சம் தரையில் படாத சந்துகள், தெருவிலேயே ஓடும் சாக்கடை, அந்தக் கழிவு கலக்கும் அதே சேன் ஆற்றிலிருந்து குடிதண்ணீர். 1832-ல் வந்த காலரா பல்லாயிரம் பேரைக் கொன்றது. நாட்டின் பிரதமர் கசிமிர் பெரியேவும் அதில் இறந்தார். 1849-ல் மறுபடியும் காலரா.

இன்னொரு காரணமும் உண்டு. 1830, 1848 என்று புரட்சி வெடிக்கும்போதெல்லாம் மக்கள் அந்தக் குறுகிய சந்துகளில் தடுப்பு போட்டு ராணுவத்தை நிறுத்தினார்கள். அகலமான சாலையில் அது கஷ்டம். பேரரசருக்கு இது நன்றாகவே தெரியும்.

ஹவுஸ்மான் வந்தபின் சுமார் 20,000 கட்டடங்கள் தரைமட்டமாயின. அதைவிட அதிகமாகப் புதுக் கட்டடங்கள் எழுந்தன. பொறியாளர் பெல்கிரான் 131 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தூய் நதித் தண்ணீரைக் கொண்டுவந்தார். 1865-ல் அது பாரிஸை அடைந்தது. பாதாளச் சாக்கடை சுமார் நான்கு மடங்கு நீண்டது. அல்ஃபான் என்ற இன்னொரு பொறியாளர் பூங்காக்களைப் போட்டார். வேலை உச்சத்தில் இருந்தபோது பாரிஸ் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டுமானத் துறையில்தான் பிழைப்பு. இதெல்லாம் எல்லாரும் சொல்லும் கதை. சொல்லாத கதை, இதற்கான காசு எங்கேயிருந்து வந்தது என்பது.

வரியை ஏத்தாமல் நகரத்தைக் கட்டலாமா?

பெர்சிஞ்ஞியும் ஹவுஸ்மானும் நம்பிய சூத்திரம் ரொம்ப சிம்பிள். வரியை உயர்த்த வேண்டாம். கடன் வாங்கிச் சாலை போடு. சாலை வந்தால் கட்டடம் வரும், கடை வரும், ஆள் வரும். அவர்களால் வரி வருமானம் தானாகவே கூடும். கூடும் அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிடலாம். இதற்கு 'உற்பத்திச் செலவு' என்று பெயர் வைத்தார்கள்.

இன்று அமெரிக்க நகரங்களில் நாளைய வரி உயர்வைக் காட்டி இன்றைக்கே கடன் வாங்கி டெவலப்பருக்குச் சலுகை தருகிறார்களே, அதற்கும் அடிப்படை இதே யோசனைதான்.

சூத்திரம் பாதி வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நகர வருமானம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது. பிரச்னை, செலவு அதைவிட வேகமாக ஓடியதுதான்.

நகரம் பகிரங்கமாக வாங்கிய கடன்கள் மட்டும் 1855-ல் 6 கோடி ஃபிராங்க், 1860-ல் 13 கோடி, 1865-ல் 25 கோடி. இதற்கெல்லாம் நாடாளுமன்ற அனுமதி வேண்டும். அங்கே கிராமப்புற உறுப்பினர்கள் சும்மா விடவில்லை. பாரிஸ்காரன் நடக்கிற சாலைக்கு எங்கள் ஊர் விவசாயி ஏன் வரி கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதானே? முதல் கட்டச் சாலைகளுக்குச் சுமார் பாதிச் செலவை மத்திய அரசு ஏற்றிருந்தது. 1858-ல் இரண்டாம் கட்டத்துக்கு 18 கோடி என்று திட்டம் போட்டபோது, அரசின் பங்கை 5 கோடியாகக் குறைத்துவிட்டார்கள். மூன்றாம் கட்டத்துக்கு அரசுக் காசே கிடையாது. மொத்தச் சுமையும் நகரத்தின் தலையில்.

அந்த 18 கோடித் திட்டம் கடைசியில் என்ன ஆனது தெரியுமா? சுமார் 41 கோடி. இரண்டு மடங்குக்கும் மேல்!

லாபம் யாருக்கு?

செலவு எகிறியதற்குப் பின்னால் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

1852-ல் வந்த ஓர் ஆணைப்படி, சாலைக்குத் தேவையான துண்டு நிலத்தை மட்டுமல்ல, மீதியில் ஒழுங்கான வீடு கட்ட முடியாது என்றால் முழு மனையையும் நகரம் எடுத்துக்கொள்ளலாம். சாலை போட்டபிறகு மிச்ச நிலத்தின் விலை ஏறும். நகரமே அதை விற்றால், ஏறிய விலை பொதுக் கஜானாவுக்கு வரும். சாலைச் செலவில் ஒரு பகுதி அதிலேயே தேறிவிடும்.

1858 டிசம்பரில் அரசின் உயர் நிர்வாக மன்றம் இந்தக் கதவை மூடியது. சாலைக்குத் தேவைப்படாத நிலம் பழைய உரிமையாளருக்கே திரும்பப் போக வேண்டும் என்றது. ஆக, சாலை போட்டது பொதுப் பணம், அதனால் ஏறிய விலை மட்டும் தனி ஆளுக்கு. 1860-ல் இன்னொரு அடி. இடிபடும் வீட்டில் இருக்கும் வாடகைதாரருக்கும் உடனே இழப்பீடு கொடுத்தாக வேண்டும், குத்தகைக் காலம் முடியட்டும் என்று நகரம் காத்திருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைதாரர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் பில் எகிறியது.

இழப்பீட்டை நிர்ணயித்த ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்களோ சொத்துக்காரர்கள். நாளைக்குத் தன் வீட்டுக்கும் இதே நிலை வரலாம் என்று நினைப்பவர் கஞ்சத்தனம் காட்டுவாரா? தாராளமாகவே அள்ளிக் கொடுத்தார்கள். இது தெரிந்ததும் ஒரு புதுத் தொழிலே கிளம்பியது. இடிபடப்போகும் கடைக்கு அவசரமாகப் புதுக் குத்தகைப் பத்திரம், ஓடாத வியாபாரம் ஓஹோவென்று ஓடுவதாகக் காட்டும் போலிக் கணக்குப் புத்தகம், சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டி ஜோடனை. எந்தத் தெரு அடுத்து இடிபடும் என்ற தகவல்தான் அன்றைய பாரிஸில் தங்கம். எமிலி ஸோலா இந்தக் கூத்தையெல்லாம் பின்னணியாக வைத்தே ஒரு நாவல் எழுதினார்.

சலுகைகளும் இருந்தன. ரிவோலி சாலையில் வீடு கட்டியவர்களுக்குப் பல ஆண்டுகள் சொத்து வரி விலக்கு. பெரேர் சகோதரர்கள் என்ற வங்கி முதலாளிகள் அந்தச் சாலையில் பிரம்மாண்டமான லூவ்ர் ஹோட்டலைக் கட்டி 1855-ல் திறந்தார்கள். மொன்சோ தோட்டத்தை நகரம் வாங்கியபோது பாதிதான் பொதுப் பூங்கா ஆனது. மீதியை பெரேர் சகோதரர்களுக்கு விற்றார்கள்; பூங்காவைப் பார்த்தபடி மாளிகைகள் எழுந்தன. வாசலில் பூங்கா இருந்தால் வீட்டு விலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே பெரேர் சகோதரர்கள் 1867-ல் தங்கள் வங்கியின் பொறுப்பிலிருந்தே விலக வேண்டி வந்தது. அது தனிக் கதை.

ஒயினுக்கும் விறகுக்கும் வரி

சரி, பில்லைக் கட்டியது யார்?

பாரிஸ் நகர வருமானத்தில் பாதிக்கு மேல் 'ஆக்ட்ராய்' என்ற நுழைவு வரியிலிருந்து வந்தது. நகர எல்லைக்குள் வரும் ஒயின், இறைச்சி, விறகு, நிலக்கரி, கால்நடைத் தீவனம், கட்டுமானப் பொருள் எல்லாவற்றுக்கும் வாசலிலேயே வசூல். இந்தப் பெயர் நமக்கும் புதிதில்லை. மும்பையில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை இதே பெயரில் இதே வரி இருந்தது.

இதில் என்ன பிரச்னை? கோடீஸ்வரரும் ஒரே வயிறு, கொத்தனாரும் ஒரே வயிறு. சம்பளத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கும் அடுப்புக்கும் செலவழிப்பவர்தான் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதிக வரி கட்டுகிறார். ரொம்பக் குறைந்த வாடகையில் இருப்பவர்களுக்கு நேரடி வரியில் விலக்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த விலக்கால் விழும் பள்ளத்தையும் ஆக்ட்ராய் பணத்தில்தான் நிரப்பினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை.

ஏழைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நகர எல்லைக்கு வெளியே போய் வாழ்வது. பெல்வில், மெனில்மொந்தான் மாதிரியான புறநகர்களில் நுழைவு வரி இல்லாத மலிவு ஒயின், மலிவு வாடகை. மையத்தில் வீடு இடிபட்டவர்களும் அங்கேதான் ஒதுங்கினார்கள்.

1860 ஜனவரி 1-ம் தேதி அந்த வழியும் அடைபட்டது. சுற்றியிருந்த புறநகர்களை ஹவுஸ்மான் நகரத்தோடு இணைத்தார். 12 வட்டங்கள் 20 ஆயின, பரப்பளவு இரண்டு மடங்கானது. வரி வாசல் வெளிக்கோட்டை வரை நகர்ந்தது. தொழிற்சாலை முதலாளிகள் சத்தம் போட்டதால் அவர்களுக்குச் சில ஆண்டுகள் சலுகைக் காலம் கிடைத்தது. சமையலறைக்கு அப்படி நீண்ட சலுகை ஏதும் இல்லை.

அதற்காக ஹவுஸ்மானை ஒரேயடியாக வில்லனாக்கவும் முடியாது. 1853 கடைசியில் அவர் ஒரு ரொட்டி நிதியைத் தொடங்கினார். கோதுமை விலை ஏறும்போது வித்தியாசத்தை அந்த நிதி ரொட்டிக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கும். விலை இறங்கும்போது கொஞ்சம் கூட வைத்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ரொட்டி விலை ஏறினால் பாரிஸ் தெருவில் என்ன நடக்கும் என்று ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. தண்ணீரும் சாக்கடையும் ஏழைத் தெருக்களுக்கும் நல்லதுதான் செய்தன, அதுவும் பொய்யில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த முடிவுகள் எதிலும் வரி கட்டிய பாரிஸ் மக்களுக்கு ஓட்டு இல்லை. நகரத்துக்கு மேயர் கிடையாது. மாநகராட்சி மன்ற உறுப்பினர்களைப் பேரரசரே நியமித்தார்.

கடன் இல்லாத கடன்

இனி வருவதுதான் கதையின் முக்கியமான இடம்.

1858 நவம்பரில் 'பாரிஸ் பணிகள் நிதியம்' என்று ஒன்று தொடங்கப்பட்டது. கான்ட்ராக்டர்களோடு ஒரு புது வகை ஒப்பந்தம் போட்டார் ஹவுஸ்மான். வீடுகளுக்கு இழப்பீடு, இடிப்பு, தரை போடுவது எல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு. முடிந்த சாலையை நகரத்திடம் ஒப்படைத்தால், நகரம் பல ஆண்டுத் தவணைகளில் பணம் கொடுக்கும். இதுவரை சரி. இன்றைய நெடுஞ்சாலைகளில்கூட தவணை முறை ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

ஆனால் கான்ட்ராக்டரிடம் அவ்வளவு காசு ஏது? இழப்பீட்டுக்கான தொகையை வேறு முன்கூட்டியே நிதியத்தில் டெபாசிட் கட்ட வேண்டும். அதற்கு ஹவுஸ்மான் கண்டுபிடித்த வழி, நகரம் நாளைக்குத் தரப்போகும் தவணையை வைத்து இன்றைக்கே பத்திரம் எழுதிக்கொள்ள கான்ட்ராக்டரை அனுமதிப்பது. நிதியம் அதில் ஒப்புதல் கையெழுத்துப் போடும். கான்ட்ராக்டர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு 'கிரெடி ஃபோன்சியே' என்ற நில அடமான வங்கிக்குப் போவார். வங்கி வட்டி, கமிஷனைப் பிடித்துக்கொண்டு ரொக்கம் தரும். அந்த ரொக்கம் டெபாசிட்டாக நகரத்தின் கஜானாவுக்கே வரும்.

சுற்றி வந்து பார்த்தால் என்ன நடந்திருக்கிறது? வங்கி பணம் கொடுத்தது. நகரத்தின் கைக்குப் பணம் வந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதும் நகரம்தான். ஊர் உலகம் இதைக் கடன் என்று சொல்லும். பட்ஜெட் புத்தகத்தில் மட்டும் இது கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய தவணை பாக்கி. கடன் இல்லை என்பதால் நாடாளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை!

1867 முடிவதற்குள் அந்த ஒரே வங்கிக்கு மட்டும் பாரிஸ் நகரம் தர வேண்டியது கிட்டத்தட்ட 40 கோடி ஃபிராங்க். 1865-ல் அனுமதியோடு வாங்கிய பெரிய கடனைவிட அதிகம்.

கணக்குத் தணிக்கை நீதிமன்றம் இதை மறைமுகக் கடன் என்று சொல்லிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஜூல் ஃபெரி என்ற இளம் வழக்கறிஞர் 'லெ தாம்' பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தார். 1868-ல் சிறு நூலாக வந்தபோது அதன் தலைப்பே ஊரெல்லாம் பேச்சானது. ஹாஃப்மான் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் மாயக் கதைகள் அப்போது பிரான்ஸில் பிரபலம். பிரெஞ்சில் கதைக்கும் கணக்குக்கும் உச்சரிப்பு ஒன்றே. 'ஹாஃப்மானின் மாயக் கதைகள்' என்பதைத் தட்டிப்போட்டு 'ஹவுஸ்மானின் மாயக் கணக்குகள்' ஆக்கினார் ஃபெரி. சிலேடை பிடித்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! இதே ஃபெரிதான் பிறகு அமைச்சராகி பிரான்ஸில் இலவசக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தவர்.

வீழ்ச்சி

கோபம் கணக்கில் மட்டும் இல்லை. லக்சம்பர்க் தோட்டத்தில் ஒரு பகுதியை வெட்டி மனைகளாக்க 1865-ல் ஆணை வந்தபோது படித்த பாரிஸே திரண்டு எதிர்த்தது. மொன்மார்த் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாலை, இறந்தவர்களைப் புதைக்க ஊருக்கு வெளியே தூரத்தில் இடம் என்ற யோசனை இன்னும் பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. வாடகை ஏற்றத்தில் நடுத்தர வர்க்கமும் ஏற்கெனவே நொந்துபோயிருந்தது.

1869-ல் நாடாளுமன்றத்தில் விவாதம் நாட்கணக்கில் ஓடியது. தியெர் போன்ற பழுத்த அரசியல்வாதிகள் விளாசினார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. அந்தப் பத்திர பாக்கியை நீண்டகாலக் கடனாக மாற்ற சபை அனுமதி கொடுத்தது. சாலை போட்டாகிவிட்டது, இடித்த வீட்டை மறுபடி ஒட்ட முடியுமா?

1870 ஜனவரி 2-ம் தேதி எமில் ஒலிவியே தலைமையில் புது அமைச்சரவை வந்தது. ஹவுஸ்மானை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஜனவரி 5-ம் தேதி பதவிநீக்க ஆணை வெளியானது. அதே செப்டம்பரில் பிரஷ்யாவுடனான போரில் தோற்றுப் பேரரசே கவிழ்ந்தது.

ஆண்டுகள் முழுக்கக் கோடிகளைக் கையாண்ட மனிதர் தனக்கென்று திருடினார் என்று எதிரிகளாலும் நிரூபிக்க முடியவில்லை. 1877-ல் கோர்சிகா தீவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகி 1881 வரை இருந்தார். பெரிய வசதி இல்லாத கடைசிக் காலத்தில் தன் தரப்பை மூன்று பாகங்களில் நினைவுக்குறிப்பாக எழுதினார். முழுதாக அச்சில் பார்க்கும் முன்பே 1891 ஜனவரி 11-ம் தேதி இறந்தார். உடல் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

அவர் போனபோது மொத்தச் செலவு சுமார் 250 கோடி ஃபிராங்க். 1870-ல் பாரிஸ் பட்ஜெட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கடனையும் வட்டியையும் கட்டுவதற்கே போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் பாரிஸுக்கு 1871-ல் வந்தது. பழைய கடனை அடைக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. மக்கள் ஓட்டில் வந்த மன்றத்தின் வழியாக ஒரு மேயர் பாரிஸுக்குக் கிடைத்தது 1977-ல்தான். அவர் பின்னாளில் அதிபரான ஜாக் ஷிராக்.

ஹவுஸ்மான் பதவியில் இருந்தபோதே ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போனார். பூல்வார் ஹவுஸ்மான் முழுதாகப் போட்டு முடிந்தது 1927-ல்.